சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பயணம்: சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் எவ்வளவு எடுத்துவைப்பது?

சிங்கப்பூரில் இரண்டாம் நாள் ராத்திரி எட்டரை மணிக்கு எங்களிடம் ரொக்கமாக ஆறு டாலர்தான் இருந்தது. கார்டில் எழுநூறு டாலருக்கு மேல் இருந்தது. எதிரிலேயே உணவு மையம், தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்கிறது, குழந்தைகளுக்குப் பசி. கடைக்காரர் தமிழிலேயே சொன்னார்: "கார்டு இல்லைங்க, ரொக்கம், இல்லைன்னா இங்கத்த கியூஆர்." அந்த கியூஆரில் பணம் போட அந்த ஊர் வங்கிக் கணக்கு வேண்டும். ஏடிஎம்மில் எடுக்கலாம் என்றால் அந்த வசதியைக் கார்டில் ஊரிலேயே திறந்துவைக்காமல் வந்துவிட்டோம். கடைசியில் கார்டு வாங்கும் ஓர் உணவகத்தில் போய் உட்கார்ந்தோம். மெனுவைப் பார்த்து நான் மனதில் கூட்டியது 112 டாலர். பில் வந்தது 137 டாலர், நம் பணத்தில் 9,500 ரூபாய்க்கு மேல். எதிர்க்கடையில் முப்பது டாலரில் ஐந்து பேரும் வயிறார சாப்பிட்டிருப்போம்.

அந்த ராத்திரி எங்களிடம் பணம் இருந்தது, சரியான வடிவத்தில் இல்லை. சிங்கப்பூரில் மலிவான சாப்பாடு பெரும்பாலும் ரொக்கம் கேட்கும். கார்டை உடனே வாங்கிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் விலை கூடுதல். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டு திட்டம் போட்டால் பாதித் தொல்லை போய்விடும். நாங்கள் பட்ட சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் திருச்சியிலிருந்து போனவர்கள். நான், கணவர், பதினொரு வயது மகன், எட்டு வயது மகள், சைவம் மட்டுமே சாப்பிடும், சர்க்கரை உள்ள அத்தை. ஐந்து நாள் பயணம், அதில் ஒரு நாள் செந்தோசா தீவில் உள்ள யூனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா (இனி பார்க்). விமானம், ஹோட்டல், பார்க் டிக்கெட் ஆகியவற்றை முன்பே வாங்கிவிடுவோம் என்பதால் இங்கே அவற்றின் விலைக்குள் போகவில்லை. வாய்க்கும் கைக்கும் போகும் பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டாலர் என்று வரும் இடமெல்லாம் சிங்கப்பூர் டாலர். கணக்குக்காக ஒரு டாலர் 70 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். நீங்கள் மாற்றும் நாளின் விலையைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

1. ஒரே தொகையாக வைக்காதீர்கள், மூன்றாகப் பிரியுங்கள்

"மொத்தம் ஒரு லட்சம் கையில் இருக்கு, பார்த்துக்கலாம்" என்று கிளம்புவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து, கைச்செலவு என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். சாப்பாட்டுப் பணத்தில் பொம்மை வாங்கக் கூடாது. பொம்மைப் பணம் மிஞ்சினால் சாப்பிடலாம், அதில் தப்பில்லை.

நான் கவர்களில் தேதி எழுதி, சாப்பாட்டு ரொக்கத்தை நாள்வாரியாகப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் முதல் நாளே போக்குவரத்துக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் அந்தக் கவரிலிருந்தே எடுத்தோம். அதனால்தான் இரண்டாம் நாள் ராத்திரி ஆறு டாலரில் நின்றோம். கவர் போட்டால் மட்டும் போதாது, அதைக் கையில் வைத்திருக்கும் ஆள் ஒருவராக இருக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து அத்தையிடம் கொடுத்துவிட்டோம். அதன்பிறகு ஒரு டாலர்கூடக் கணக்கில் இடிக்கவில்லை.

2. சாப்பாட்டுக் கணக்கை வேளைவாரியாகப் போடுங்கள்

"ஒரு நாளைக்கு ஆளுக்கு இவ்வளவு" என்று போடுவதைவிட வேளைக்கு வேளை போடுவது சரியாக வரும். ஐந்து பேருக்கு நாங்கள் கண்ட செலவு, சாதாரண நாளில் சுமாராக இப்படி:

காலை: இட்லி, தோசை அல்லது பராட்டா, கூடவே டீ, காபி. உணவு மையத்தில் 20 டாலர்.
மதியம்: சாப்பாடு, பிரியாணி, சிக்கன் ரைஸ், நூடுல்ஸ். ஆளுக்கு 7 டாலர் வீதம் 35 டாலர்.
இரவு: 45 டாலர். அலைச்சலுக்குப் பிறகு இரவில் கூடுதலாகத்தான் சாப்பிடுவார்கள், ஏசி உள்ள இடம் வேண்டும் என்பார்கள்.
இடைத்தீனி, ஜூஸ், ஐஸ்கிரீம்: 20 டாலர்.

ஆக ஒரு நாளைக்கு 120 டாலர், 8,400 ரூபாய். நாலாவது வரியை யாரும் எழுதுவதில்லை. அது எழுதாமல் விடக்கூடிய தொகை இல்லை. சிங்கப்பூர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கு ஏதாவது குளிர்ச்சியாக வேண்டியிருக்கும்.

வந்து இறங்கும் நாள் பாதி நாள், அதற்கு 70. கிளம்பும் நாளுக்கு 60. இரண்டு முழு நாளுக்கு 240. பார்க் நாளுக்கு 205, இதன் விவரம் கீழே வருகிறது. கூட்டினால் 575 டாலர். மேலே பத்தில் ஒரு பங்கு சேர்த்து 630 டாலராக வைத்துக்கொள்ளுங்கள், 44,100 ரூபாய். இருவரும் ஒரு குழந்தையும் என்றால் இதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போகும்.

ஹோட்டல் அறை வாங்கும்போது காலை உணவு சேர்த்தால் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். லிட்டில் இந்தியா பக்கம் தங்கினால் எங்கள் அனுபவத்தில் அது தேவையில்லை. காலை ஏழு மணிக்கே அங்குள்ள தேக்கா சென்டர் உணவு மையத்தில் கடைகள் திறந்திருக்கும். சிராங்கூன் ரோட்டில் 1947 முதல் கோமள விலாஸ் இருக்கிறது, ஆனந்த பவன் அதற்கும் முந்தையது. அத்தைக்கு ஃபில்டர் காபி கிடைத்துவிட்டால் அன்றைய நாள் நன்றாகத்தான் போகும். நகரத்தின் வேறு மூலையில் அறை எடுத்தால், சுற்றிலும் சைவக் கடை இல்லாவிட்டால், அறையோடு காலை உணவு சேர்ப்பதே மேல்.

3. காகிதங்களும் கெடுவும்

பாஸ்போர்ட் எல்லோருக்கும் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்ல வேண்டும். குழந்தைகளின் பாஸ்போர்ட்டை முதலில் பாருங்கள். அது ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள், பெரியவர்களுடையது போலப் பத்து வருடம் என்று நினைத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விசா கட்டணம் ஆளுக்கு 30 டாலர், கைக்குழந்தைக்கும் தனி விண்ணப்பம். நிராகரித்தாலும் அந்தப் பணம் திரும்பாது. நம்மூரில் பெரும்பாலோர் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம்தான் போடுகிறார்கள், அவருடைய சேவைக் கட்டணம் தனி. ஐந்து பேருக்கு அரசுக் கட்டணம் மட்டுமே 150 டாலர், 10,500 ரூபாய். இதைப் பலர் பட்ஜெட்டில் எழுத மறந்து, பிறகு சாப்பாட்டுப் பணத்திலிருந்து எடுக்கிறார்கள். இரண்டு மூன்று ஏஜென்டிடம் மொத்தத் தொகை கேளுங்கள். அரசுக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்று, வித்தியாசம் சேவைக் கட்டணத்தில்தான். கிளம்புவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு கொடுத்துவிட்டால் பதற்றமில்லை.

விசா கையில் வந்த பிறகே பார்க் டிக்கெட் வாங்குங்கள். டிக்கெட் தேதி குறித்து வரும், பொதுவாகப் பணம் திரும்பாது. 4 வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 வரை குழந்தைக் கட்டணம்.

எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தைச் சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். இதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்கும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

டிராவல்ஸ் மூலம் பேக்கேஜாகப் போகிறவர்களிடம் மேலே ஒரு தொகை டிசிஎஸ் (வருமான வரிக்காக முன்கூட்டியே வசூலிப்பது) என்று பிடிப்பார்கள். அது யார் பான் எண்ணில் போகிறது என்று கேட்டு, வருமான வரி தாக்கல் செய்யும்போது கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செலவாக எழுதிவிட வேண்டாம், ஆனால் அந்தப் பணம் இப்போது கையிலிருந்து போகும் என்பதை மறக்கவும் வேண்டாம்.

4. ரொக்கம் எவ்வளவு, கார்டு எவ்வளவு

சாப்பாட்டுப் பணத்தில் பாதியாவது ரொக்கமாக இருக்கட்டும். எங்கள் குடும்பத்துக்கு 350 டாலர் ரொக்கம் சரியாக இருந்திருக்கும். நாங்கள் கொண்டுபோனது 150. மீதி கார்டில் இருக்கட்டும், பார்க்கிலும் பெரிய கடைகளிலும் கார்டு தாராளமாக ஓடும்.

டாலர் வாங்க பாஸ்போர்ட், பான் கார்டு, விசா, விமான டிக்கெட் கேட்பார்கள். ரூபாய் நோட்டாக 50,000 வரைதான் கொடுத்து வாங்க முடியும். அதற்கு மேல் என்றால் வங்கி வழியாகக் கட்ட வேண்டும். வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை எடுத்துப்போகலாம், குடும்பப் பயணத்துக்கு அது மிகத் தாராளம். மாற்றும் தொகை ஒரு லட்சத்துக்குள் இருந்தால், அதில் ஒரு சதவீதத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். 60,000 ரூபாய்க்கு 108 ரூபாய், அவ்வளவுதான். "வரி நிறைய வருது சார்" என்று யாராவது ஆயிரக்கணக்கில் சொன்னால் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

பத்து நாள் முன்பே மூன்று இடத்தில் விலை கேளுங்கள். "விலை என்ன" என்று கேட்காமல், "200 டாலர் கொடுத்தால் எல்லாம் சேர்த்து நான் எவ்வளவு கட்ட வேண்டும்" என்று கேளுங்கள். அப்போதுதான் ஒளிந்திருக்கும் கட்டணம் வெளியே வரும். நோட்டுகளை 10, 5, 2 டாலராகக் கேட்டு வாங்குங்கள். நூறு டாலர் நோட்டை நீட்டி மூன்று டாலர் தோசை வாங்குவது கடைக்காரருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். கையில் குறைந்துவிட்டால் அங்கே முஸ்தபா சென்டர் என்ற பெரிய கடை வட்டாரத்திலும் லிட்டில் இந்தியாவிலும் நாணயம் மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதற்காக ஒரு சிறு தொகையை அமெரிக்க டாலராகத் தனியே வைத்திருப்பது நல்லது. விமான நிலையத்தில் அவசரத்துக்கு மட்டும் மாற்றுங்கள்.

கார்டு விஷயத்தில் மூன்று வேலை.

வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிக் கட்டும் வசதி, ஏடிஎம், ஆன்லைன் ஆகிய நான்கும் தனித்தனி பொத்தான்கள். வங்கிச் செயலியில் நான்கையும் ஊரிலேயே திறந்துவைத்து, வரம்பையும் உயர்த்துங்கள். முதல் இரண்டை மட்டும் திறந்து நாங்கள் பட்டதை மேலே சொல்லிவிட்டேன்.

சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மேல்கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 20,000 ரூபாய் செலவுக்கு 826 ரூபாய் கூடுதல். முன்பே டாலர் ஏற்றி வைத்துக்கொள்ளும் பயணக் கார்டான பாரெக்ஸ் கார்டில் இது வராது.

பில் போடும் கருவியில் "ரூபாயிலா, சிங்கப்பூர் டாலரிலா" என்று கேட்டால் எப்போதும் சிங்கப்பூர் டாலர் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்றால் நமக்குப் புரிகிறதே என்று அழுத்துவோம், அதில் போடும் மாற்று விலை நமக்கு நட்டம்.

எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் நம் கார்டையே தட்டலாம், வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 சென்ட் கூடுதலாகப் பிடிப்பார்கள். ஒரு கார்டுக்கு ஓர் ஆள்தான், ஒரே கார்டை எல்லோருக்கும் தட்ட முடியாது. ரயிலுக்குள் எதுவும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. 500 டாலர் வரை அபராதம் உண்டு. குழந்தை கையில் பிஸ்கட் இருந்தால் வாசலிலேயே வாங்கிப் பையில் போடுங்கள்.

5. ஊரிலிருந்து எதைக் கட்டலாம், எதைக் கூடாது

பருப்புப் பொடி, சப்பாத்தி, முறுக்கு, கடலை மிட்டாய், உடனடி உப்புமா கலவை எல்லாம் எடுத்துப்போங்கள். அறையில் வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் இருக்கும். மூன்று சதுர முனை உள்ள பிளக் அடாப்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். புளிக்காய்ச்சல், ஊறுகாய் போன்றவை சரக்குப் பெட்டிக்குள் போகட்டும். கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் உள்ள குழம்பு வகையாகக் கருதிப் பிடுங்கிவிடுவார்கள்.

கசகசா வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தோடு தொடர்புடைய தடைப் பொருள். அரைத்த குருமா மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அந்தப் பொடியையும் விட்டுவிடுங்கள். என் நாத்தனார் அன்போடு அரைத்துக் கொடுத்த ஒரு டப்பாவை, கிளம்பும் அன்று காலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். மெல்லும் புகையிலை, பான் மசாலா, சூயிங்கம், இறைச்சி கலந்த எதுவும் கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் உடன் வந்தால் அவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள்.

6. பில்லில் ஒளிந்திருப்பவை

மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ++ என்று இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணமும் அதற்கும் சேர்த்து 9 சதவீதம் ஜிஎஸ்டியும் மேலே வரும். 20 டாலர் என்று போட்டிருக்கும் சாப்பாடு 23 டாலர் 98 சென்ட். ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது என்று மனதில் வைத்தால் போதும். டிப்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. சேவைக் கட்டணம் வாங்காத கடைகளில் போட்டிருக்கும் விலைதான் கட்டும் விலை.

உட்கார்ந்ததும் மேசையில் வைக்கும் ஈரத் துண்டும் வேர்க்கடலையும் பல உணவகங்களில் காசுக்குத்தான். வேண்டாம் என்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எங்கள் 137 டாலர் பில்லில் அதற்கும் ஒரு வரி இருந்தது.

உணவு மையங்களில் பார்சலுக்கு டப்பாக் காசு 20, 30 சென்ட் கூடும். மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதம் உண்டு.

7. சைவம், ஹலால், சர்க்கரை

பராட்டாவோடு தரும் குழம்பு பெரும்பாலும் மீன் அல்லது ஆட்டுக்கறிக் குழம்பு. பருப்புக் குழம்பு என்று சொல்லிக் கொடுப்பதிலும் கறி எலும்பு இருக்கலாம். சைவக்காரர்கள் "சைவப் பருப்பா?" என்று கேட்டே வாங்குங்கள். மலாய்க் கடைச் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேரும். சீனச் சைவக் கடைகளில் கறி மாதிரியே தோற்றமளிப்பது சோயாவும் கோதுமைப் பசையும்தான். அத்தை தட்டைப் பார்த்ததும் பின்வாங்கிவிட்டார், நீங்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முஸ்லிம் குடும்பங்கள் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

டீ கேட்டால் டின் பாலும் சர்க்கரையும் கலந்துதான் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு "கோப்பி சி கொசோங்" அல்லது "தே சி கொசோங்" என்று சொல்லுங்கள். சி என்றால் சர்க்கரை சேராத டின் பால், கொசோங் என்றால் சர்க்கரை இல்லாமல். இரண்டாம் நாள் அத்தையே தனியாகப் போய்ச் சொல்லி வாங்கி வந்தார்.

8. பார்க் நாள்

இந்த ஒரு நாளைக்குத் தனிக் கணக்கு: காலை 20, மதியம் பார்க்குக்குள் ஆளுக்கு 20 வீதம் 100, குளிர்பானம், ஐஸ்கிரீம், பாப்கார்ன் 40, இரவு வெளியே 45. மொத்தம் 205 டாலர், 14,350 ரூபாய்.

லிட்டில் இந்தியாவிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை ஒரே எம்ஆர்டி, மாற வேண்டாம். ஏறுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். இதைவிடப் பணம் மிச்சம் பிடிக்கும் வழி அன்று வேறில்லை. அங்குள்ள விவோசிட்டி வணிக வளாகத்திலிருந்து தீவுக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு ஆளுக்கு 4 டாலர், ஐந்து பேருக்கு 20. பக்கத்திலேயே செந்தோசா போர்ட்வாக் என்ற நடைபாதை இருக்கிறது, அதில் நுழைவு இலவசம், கால் மணி நேர நடை. திரும்பி வரும் ரயிலுக்குக் கட்டணம் இல்லை. காலையில் தெம்பாக நடந்து போய், மாலையில் கால் வலிக்கும்போது ரயிலில் வாருங்கள்.

ஆளுக்கொரு காலித் தண்ணீர் பாட்டில் எடுத்துப்போங்கள். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பார்க்குக்குள் நிரப்பிக்கொள்ளக் குடிநீர்க் குழாய்கள் உண்டு. விலைக்கு வாங்கினால் ஒரு பாட்டில் நாலைந்து டாலர். ஐந்து பேர் நாள் முழுக்கக் குடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோய்ப் பந்தி விரிக்க விடமாட்டார்கள். தண்ணீருக்கும் குழந்தை உணவுக்கும் தடையில்லை. மருத்துவக் காரணத்துக்காகத் தனி உணவு வேண்டியவர்கள் வாசலில் சொல்லிவிடுங்கள். அத்தைக்குச் சர்க்கரை இறங்காமல் இருக்க நான் வைத்திருந்த பிஸ்கட்டை யாரும் தடுக்கவில்லை.

மதியச் சாப்பாட்டை பதினொன்றேகாலுக்கே முடியுங்கள். பன்னிரண்டரைக்குப் போனால் சாப்பாட்டு வரிசை ஒரு ரைடு வரிசை அளவுக்கு நிற்கும். பண்டைய எகிப்து பகுதியில் உள்ள ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்திய வகை உணவு கிடைக்கும், அத்தைக்கு அங்கேதான் அமைந்தது. அளவு பெரிது என்பதால் ஐந்து பேருக்கு நான்கு தட்டு போதும். இந்தச் செலவும் கட்டாது என்பவர்கள், வாசலில் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்ப நுழையலாம். ஆனால் அதற்கு ஒன்றரை மணி நேரம் போகும். விலை கொடுத்து வாங்கிய நாளில் அந்த நேரத்தை இழப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடில் ஏற விடும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கும் முன் குழந்தையின் உயரத்தை அளந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 சென்டிமீட்டர், மம்மிக்கு 122, கேலக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125 வேண்டும். ஏற முடியாத குழந்தைக்கும் பாஸ் வாங்கிவிட்டு வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர். ஜுராசிக் பார்க் படகில் முழுக்க நனைவோம். மழைக்கோட்டும் ஒரு மாற்றுச் சட்டையும் வீட்டிலிருந்தே கொண்டுபோனால், உள்ளே அவற்றுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். லாக்கர் சில ரைடுகளில் குறிப்பிட்ட நேரம் வரை இலவசம், அதைத் தாண்டினால் கட்டணம் ஏறும். வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு வையுங்கள். டிக்கெட்டோடு சாப்பாட்டுக் கூப்பன் வந்தால், எந்தக் கடையில் செல்லும், குறைந்தது எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று முதலிலேயே படியுங்கள்.

இரவுச் சாப்பாட்டை உள்ளே வாங்காதீர்கள். வெளியே வந்து விவோசிட்டி உணவுக்கூடத்திலோ, ஹார்பர்ஃபிரண்ட் பக்கம் உள்ள சியா இம் உணவு மையத்திலோ சாப்பிடுங்கள். அன்றைய கவரில் 45 டாலரை ரொக்கமாகவே மிச்சம் வைத்திருங்கள்.

9. குழந்தைகளின் கைச்செலவு அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

பல ரைடுகளில் இறங்கி வெளியே வரும் வழி கடைக்குள்தான் போகிறது. ஒவ்வொரு முறையும் "வேண்டாம், வா" என்று இழுத்தால் எல்லோருக்கும் நாள் கெட்டுவிடும். நாங்கள் ஆளுக்கு 40 டாலரை நோட்டாகக் கொடுத்துவிட்டோம். "இது தீர்ந்தால் மேலே கிடையாது, மிச்சம் உன்னுடையது" என்று வீட்டிலேயே பேசி முடித்தாயிற்று.

மினியன் லேண்ட் கடையில் மகள் ஒரு பெரிய பொம்மையை அணைத்துக்கொண்டு நின்றாள். விலைச்சீட்டில் 36. ஜிப் வைத்த சின்னப் பர்ஸைத் திறந்து, நாலு பத்து டாலர் நோட்டையும் தரையில் உட்கார்ந்து வரிசையாக அடுக்கினாள். "இதை வாங்கினா நாலுதான் இருக்கும்ல?" என்றாள். ஆமாம் என்றேன், வேறெதுவும் சொல்லவில்லை. பொம்மையை மீண்டும் அதன் இடத்தில் முகம் வெளியே தெரியும்படி வைத்துவிட்டு வந்தாள். கடைசியில் 15 டாலருக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கினாள். மீதியில் வகுப்புத் தோழிகள் ஆறு பேருக்கு முஸ்தபாவில் அழிப்பான்களும் சாக்லேட்டும் வாங்கி, தானே பில் போட்டாள். மகன் முதல் கடையிலேயே 34 டாலருக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டு மதியம் ஐஸ்கிரீமுக்கு அழுதான். ஐஸ்கிரீம் சாப்பாட்டுக் கணக்கில் வருவது, அதை வாங்கிக் கொடுத்தோம். இன்னொரு பொம்மை வாங்கித் தரவில்லை. அந்த எல்லையைப் பெரியவர்கள் தாண்டினால் இந்த ஏற்பாடு அன்றோடு முடிந்தது.

குழந்தைகளுக்கு 80, ஊருக்கு வாங்கும் பொருட்களுக்கு 150, லாக்கர் போன்ற சில்லறைக்கு 30. ஆகக் கைச்செலவு 260 டாலர். சாப்பாட்டோடு சேர்த்தால் 890 டாலர், 62,300 ரூபாய். போக்குவரத்துக்குத் தனியே 100 டாலர்.

10. கிளம்பும் நாள்

ஒரே கடையில் ஒரே நாளில் 100 டாலருக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். மூன்று பில் வரை சேர்த்துக்கொள்ளலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், பிறகு போய்க் கேட்டால் நடக்காது. ஊருக்கு வாங்கும் பொருட்களை நாலு கடையில் சிதறவிடாமல் ஒரே கடையில் ஒரே நாளில் முடிக்க இதுதான் காரணம். 120 டாலர் பொருளில் வரி சுமார் 10 டாலர், கையாளும் கட்டணம் கழித்துக் கைக்கு வரும். சாப்பாட்டுக்கும் ஹோட்டல் அறைக்கும் இது கிடையாது.

சாங்கி விமான நிலையத்தில் இதற்கான தானியங்கிக் கருவிகள் உண்டு. அந்தப் பொருட்கள் சரக்குப் பெட்டியில் போகிறதென்றால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே இந்த வேலையை முடியுங்கள். பொருளைக் காட்டச் சொல்லலாம். பெட்டியைப் போட்டுவிட்டு வந்து நின்ற ஒரு குடும்பத்தை எங்கள் கண்முன்னே திருப்பி அனுப்பினார்கள். இதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

சில்லறைக் காசுகளை நம்மூரில் யாரும் மாற்ற மாட்டார்கள், அங்கேயே தண்ணீரோ டீயோ வாங்கித் தீர்த்துவிடுங்கள். நோட்டுகளைத் திரும்பி வந்து 180 நாளுக்குள் மாற்றலாம். 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை கையிலேயே வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. பாரெக்ஸ் கார்டில் மிச்சம் இருந்தால், ரூபாயாக மாற்றுவதற்கு முன் அதற்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். எங்களிடம் மிஞ்சிய 46 டாலர் நோட்டை அத்தை அதே கவரில் போட்டு, மேலே தேதி எழுதி பீரோவில் வைத்திருக்கிறார்.